அங்காதிபாதமும் அரைமண்டியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர், மாதவி என்னும் ஒரு சிறுமியை அரங்கேற்றுதற்கு எத்தனை ஆசிரியர் துணைநின்றனர் என்பதை அறிவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்துரைக்கின்றார் இளங்கோவடிகள். ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையிற் சோழ வேந்தன் முன் ஆடிக்காட்டினாள் மாதவி. அவ்வறுவருள் மூன்றாமவனாகப் புலவன் ஒருவனும் நிற்கின்றான். அந்த ஓரிடத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டே, காலிற் சதங்கை கட்டியறியாத தமிழ்ப் பண்டிதனாகிய யான் ஆடலைப் பற்றி எழுதத் துணிகின்றேன்.

ஆயினும் யான் எழுதப் புகுவது அவ்வறுவரைப் பற்றியன்று; அவர்களோடு சேராத ஏழாமவரைப் பற்றி. உடம்பின் என்பும் மூட்டும் தசையும் எவ்வாறு அமைந்துள்ளன, எந்த மூட்டு எப்பக்கம் எவ்வளவு திரும்பும், எவ்விடத்தே நோவு தோன்றினால் ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும் என்று அறிந்து சொல்பவரே அந்த ஏழாமவர். நம் பாடசாலைகளின் ஆடற்கூடங்களில் அவருக்கு இன்னும் ஒரு பாய் விரிக்கப்படவில்லை.

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளிற் பரதம் கற்பிக்கப்படுகின்றது. அழகியற் பாடங்களுள் ஒன்றாக ஆறாந் தரத்திலே தொடங்கி, விரும்பினோர் சாதாரண தரப் பரீட்சைக்கும் எடுக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று தட்டடவு பயில்வது கண்ணுக்கினிய காட்சியே. ஒரு தலைமுறைக்கு முன் இம்மலைநாட்டிலே பரதம் என்பது பெரும்பாலும் படத்திற் பார்த்து மகிழ்வதாக இருந்தது. இன்று அது கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கும் எட்டியிருக்கின்றது. இதை எண்ணி மகிழாதார் இலர்.

அந்த மகிழ்ச்சிக்கு இடையே எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். றத்தோட்டைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் எட்டாந் தரத்து மாணவி ஒருத்தி, தாளத்திற் பிசகாதவள்; முகத்திற் பாவம் தானாக மலரும். தமிழ்மொழித்தினப் போட்டிக்கென அமைத்த குழுவில் அவளே நடுவில் நிற்பவள். சில வாரங்களாக அவள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே, இரு காலிலும், என்பு புடைத்துத் தொட்டால் நொந்தது. நகரத்திலே அவள் சென்றுவந்த வேறொரு வகுப்பிலே, பிள்ளைகளைச் சம்மணமிட்டாற்போல் இருத்தித் தொடைமேல் மிதித்து அழுத்துவது வழக்கமாம். வகுப்பின் பெயர் இங்கு வேண்டா. “வலிக்குது, டீச்சர்” என்றவளுக்கு, பல்லைக் கடித்துக்கொள், வலிக்காமற் கலை வராது என்பதே அங்குக் கிடைத்த மறுமொழி.

அவளுடைய தாய் ஒருநாள் பாடசாலைக்கு வந்தார். “ஆட்டம் போனாப் போவுதுங்க ஐயா. காலு வேணும்ல? மலை ஏறி எறங்கணுமே” என்றார். அவ்வளவுதான் பேசினார். அச்சொல்லுக்கு எதிர்ச்சொல் என்னிடம் இருக்கவில்லை. நிறுத்திவிடுக என்று சொல்லவும் மனம் வரவில்லை. எங்கள் நடன ஆசிரியையே முன்னின்று அச்சிறுமியை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்.

வைத்தியர் கூறியது அச்சந் தீர்ப்பதாயிருந்தது. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு என்பின் முனைகளிலே, இன்னும் முற்றாத, கசியிழையத்தாலான வளர்ச்சிப் பகுதிகள் உண்டு. தொடையின் முன்புறத்திலுள்ள பெருந்தசை, முழங்காற்சில்லைத் தன்னுள் அடக்கிக் கீழிறங்கி, கணைக்காலின் பெரிய என்பிலே ஒரு சிறு மேட்டிற் சென்று பற்றுகின்றது. குதித்தலும் முழங்காலை மடித்தெழுதலும் மிகும்போது அத்தசை அம்முற்றாத மேட்டை இடைவிடாது இழுக்கும். மேடு நொந்து புடைக்கும். 1903-ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஒஸ்குட் என்பவரும் சுவிற்சர்லாந்தில் சிலாட்டர் என்பவரும், ஒருவரையொருவர் அறியாது, இதனை விவரித்தெழுதினர். அவ்விருவர் பெயராலேயே இது வழங்குகின்றது. பந்தாடும் சிறுவர்க்கும் ஓடும் சிறுவர்க்கும் மிகுதியாக வருவது. வளர்ச்சி முற்றும்போது பெரும்பாலும் தானே தணிவது. சில வாரம் குதித்தலையும் முழுமண்டியையும் விட்டுவிட்டு, கையும் கண்ணும் தாளமும் பயிலலாம் என்றார் வைத்தியர். ஆட்டத்தை விடவேண்டியதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுதலைத்தான் விடவேண்டும்.

அதன்பின் இயன்மருத்துவர் ஒருவர் அவளை அரைமண்டியில் நிற்கச் சொல்லிப் பார்த்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பாதங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டிலே பக்கவாட்டாக நின்றன. பார்ப்பதற்கு மிக அழகு. முழங்கால்களோ பாதம் நோக்கிய திசையில் இல்லை. முன்னோக்கி விழுந்து நின்றன. காலின் கீழ்ப்பாதி ஒரு திசையிலும் மேற்பாதி வேறொரு திசையிலும் முறுகி நின்றதென்க.

இதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டுப் பொருள்கள் இரண்டு போதும். ஆட்டுரலின் குழியிலே குழவி நின்று சுழல்கின்றது. முன்னும் பின்னும் சாயும், வட்டமிடும். இடுப்பு மூட்டு அத்தகையது. தொடையென்பின் தலை உருண்டையாய் இடுப்பென்பின் கிண்ணக்குழியிலே பொருந்தி எப்பக்கமும் திரும்பவல்லது. முழங்கால் அத்தகையதன்று. அது பெரும்பாலும் கதவின் பிணைச்சல் போன்றது, மடங்கும், நிமிரும். மடங்கியிருக்கும்போது சிறிதளவு திரும்ப இடங்கொடுக்குமேயன்றி, திருப்புவதற்கென அமைந்ததன்று. கதவைத் திறக்கலாம், கதவைப் பிடித்து முறுக்கினாற் பிணைச்சலின் ஆணி கழலும். முழங்காலைச் சுற்றியுள்ள இணையங்களும், உள்ளே மெத்தைபோற் கிடக்கும் பிறைவடிவக் கசியிழையத் தட்டுகளும் அந்த ஆணிகள்.

அரைமண்டியின் விரிவு இடுப்பிலே பிறத்தல் வேண்டும், பாதத்திலே பிறத்தலாகாது. பாதம் இரண்டும் ஒரே கோட்டில் நிற்பதாயின் ஒவ்வொரு காலும் 90 பாகை வெளிநோக்கித் திரும்பவேண்டும். இடுப்பு மூட்டோ பொதுவாக 45 பாகையை ஒட்டியே வெளிநோக்கித் திரும்புகின்றது. பயிற்சியால் ஓரளவு கூடும். சிலருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மிச்சத்தை எங்கிருந்து கடன்வாங்குவது? முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும்தான். உள்ளங்கால் உட்புறமாகச் சரியும். இடுப்பு முன்சாய்ந்து முதுகின் கீழ்ப்பகுதி குழியும். கடன் கொடுத்த மூட்டுகள் பதினைந்து வயதிற் கேளாமல் முப்பது வயதில் வட்டியோடு கேட்பதும் உண்டு.

பிள்ளைக்குப் பிள்ளை இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்கலாம். தொடையென்பின் கழுத்து, பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 40 பாகை முன்நோக்கி முறுகியிருக்கின்றது. வளர வளர அம்முறுக்கு அவிழ்ந்து, வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 15 பாகையில் வந்து நிற்கின்றது. எல்லார்க்கும் ஒரே அளவில் அவிழ்வதில்லை. முறுக்கு மிகுதியாக எஞ்சியவர்க்கு இடுப்பு வெளிநோக்கித் திரும்புவது குறையும். கிண்ணக்குழியின் ஆழமும் அது நோக்கும் திசையும் ஆளுக்காள் வேறு. ஆகவே ஒருத்தி முயலாதவள் அல்லள். அவளுடைய என்பு அவ்வாறு அமைந்தது. மூக்கின் நீளம் வேறுபடுவதற்கு யாரையும் தண்டிக்கின்றோமா?

இதைச் சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டா. வீடு கட்டும் மேசன்மார் சுவர் நேராக நிற்கின்றதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவர் அல்லவா? அரைமண்டியில் நிற்கும் மாணவியின் முழங்காற்சில்லின் நடுவிலிருந்து அத்தகைய நூல் ஒன்று தொங்குவதாக எண்ணுக. குண்டு பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேரே தொங்கினால் நன்று. பெருவிரலுக்கும் உட்புறமாக விழுமானால், பாதத்தைச் சற்று முன்நோக்கித் திருப்பி, இடுப்பு இடங்கொடுக்கும் அளவிலே நிற்கச் செய்தல் வேண்டும். எங்கள் ஆசிரியை உண்மையாகவே ஒரு நூலிற் சிறு கல்லைக் கட்டி வகுப்பில் வைத்திருக்கின்றார். மாணவியர் ஒருவர்க்கொருவர் பிடித்துப் பார்த்துக்கொள்வது விளையாட்டுப்போல் நடக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும், எழுப்பியவரும் உளர். “பழைய நட்டுவனார் எவர் என்புக்கூடு பார்த்துக் கற்பித்தார்? அவர்களிடம் பயின்றோர் முதுமை வரை ஆடவில்லையா?” என்பர். தக்க கேள்வி. பாலசரஸ்வதி அம்மையார் (1918–1984) கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-இல், ஏழாம் வயதிலே காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பல பதிற்றாண்டுகள் ஆடினார். ஆனால் அந்தப் பயிற்சி எத்தகையது? ஓர் ஆசிரியர், ஒன்றிரண்டு மாணாக்கர், நாடோறும் பல மணிநேரம். தட்டுக்கழியைப் பிடித்த கை தாளம் போட, கண் அந்த ஒரு சிறுமியின் உடம்பையே நோக்கிக்கொண்டிருந்தது. எந்த உடம்புக்கு எது ஒக்கும் என்பதை நூல் கற்றறியாவிடினும் கண் கற்றறிந்தது. இன்று எங்கள் மண்டபத்தில் நாற்பது பேர். கிழமைக்குச் சில பாடவேளைகள். மணி அடித்துக் கலைத்துவிடும். நாற்பது முழங்காலிணைகளை ஒரு சோடிக் கண் எவ்வாறு காக்கும்? குருவின் கண் செய்த வேலையை இனி மாணவியின் சொந்த அறிவே செய்தாக வேண்டும். யான் அங்கவியலை வேண்டுவது இதன்பொருட்டே. புதுமை மோகத்தால் அன்று.

ஆனால் அந்த அறிவை எந்த மொழியிற் கொடுப்பது? இங்கேதான் புலவனுக்கும் வேலை வந்தது. நடன ஆசிரியை ஒரு கொப்பியை நீட்டி, “ஐயா, என்பு மூட்டுப் பெயரெல்லாம் நல்ல தமிழில் எழுதித் தாருங்கள். ஆங்கிலத்திற் சொன்னால் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுவார்கள்” என்றார். பதாகம், திரிபதாகம் என்று முத்திரைப் பெயர்களை மூச்சுவிடாமற் சொல்லும் பிள்ளைகளுக்கு, அம்முத்திரையைப் பிடிக்கும் கையின் என்புகளுக்குப் பெயர் தெரியாதிருப்பது வியப்பே.

இவ்வேலையை நமக்கு முன்னரே ஒருவர் செய்துவைத்தார் என்பதை நம்மவர் பலர் மறந்தனர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயிலிருந்து வைத்தியம் செய்தார். மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென உறுதிகொண்டு 1864-இல் அதனைத் தொடங்கினார். தாமும் தம் மாணாக்கருமாக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். அவற்றுள் 1872-இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ மனித உடலமைப்பை விரித்துரைப்பது. தமிழிற் சொல் கிடைக்குமாயின் தமிழ்ச்சொல், இன்றேல் வடசொல், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிப்படுத்தி வழங்குதல் என்பது அவர் போக்கு. வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டவர் அவரே. அங்காதிபாதம் என்னும் பெயரைக் கேட்குந்தோறும் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் நம் பிரபந்த மரபு என் நினைவுக்கு வரும். தெய்வத்தின் திருவுருவை அடிமுதல் முடிவரை ஒவ்வோர் உறுப்பாகக் கண்டு பாடிய மொழி இது. மனிதனின் முழங்காலைப் பாட மறுக்குமா என்ன?

எனவே கொப்பி எழுதினோம். இன்றைய விஞ்ஞானப் பாடநூலின் சொற்களை இயன்றவரை ஆண்டோம். பிள்ளை இரண்டு இடத்தில் இரண்டு சொல் கற்பது வீண். ஒவ்வொரு பெயரையும் எழுதியபின், அவ்வுறுப்பைத் தன் உடம்பிலே தொட்டுக் காட்டவேண்டும் என்பது ஆசிரியை வகுத்த விதி. அது மிக நல்ல விதி. சுவரிலே என்புக்கூட்டின் படத்தை மாட்டிவிட்டு நாங்களும் உடலமைப்புக் கற்பிக்கின்றோம் என்பாரை யான் கண்டிருக்கின்றேன். படம் சுவரில் இருக்கும். அறிவும் சுவரிலேயே இருக்கும். இடுப்பு மூட்டைக் காட்டுக என்றாற் பெரும்பாலோர் விலாவுக்குக் கீழே பக்கத்திற் கைவைப்பர். அது இடுப்பென்பின் மேல்விளிம்பு. மூட்டு அதற்கு வெகு கீழே, தொடை மடியும் கவட்டின் மடிப்பிற்கு உள்ளே இருக்கின்றது. இருப்பிடத்தைத் திருத்தியறிந்த அன்றே சில மாணவியரின் அரைமண்டி மாறிற்று. எங்கே மடிவது என்று தெரிந்ததால் முதுகு தானாக நிமிர்ந்தது.

பெயரறிதல் ஒரு பாதி. மறுபாதி, தன் உடம்பு இக்கணத்தில் எங்கே எவ்வாறு நிற்கின்றது என்பதை உள்ளிருந்தே உணர்தல். தமிழிலே ‘மெய்’ என்னும் சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும், ஐம்பொறிகளுள் ஒன்றாகத் தொட்டுணர்வதையும் குறிக்கும். உள்ளத்து நிகழ்வது உடம்பிலே தோன்றுவதை மெய்ப்பாடு என்று ஓர் இயலாகவே வகுத்தார் தொல்காப்பியர். உடம்பின் நிலையை உடம்பே அறியும் புலன் ஒன்று தசையிலும் மூட்டிலும் உண்டென்பதைப் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் சாள்ஸ் செறிங்டன் ஆராய்ந்து, 1906-இல் அதற்கொரு தனிப்பெயரும் இட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடுகின்றோமே, அது அப்புலனால்தான். யான் அதனை ‘மெய்யுணர்வு’ என்று கொப்பியில் எழுதினேன். தத்துவ நூலார் இச்சொல்லை வேறு பொருளில் ஆள்வர், பொறுத்தருள்க.

இப்புலன் பயிற்சியாற் கூர்மையடையும். நாட்டியாரம்பத்திற் கைகளைத் தோளின் நேரே விரித்து நின்று கண்களை மூடுக. பத்து எண்ணியபின் கண் திறந்து பார்க்க. ஒரு முழங்கை தாழ்ந்திருக்கும். தாழ்ந்தது எது என்பதைக் கண் திறவாமலே சொல்லப் பழகுவதுதான் பாடம். ஒற்றைக் காலில் நிற்றல், பாரம் குதிக்காலில் உள்ளதா விரலடியில் உள்ளதா என்று கேட்டறிதல், இவையும் அத்தகையன. கண்ணாடி முன் நின்று பயில்வதை யான் வேண்டாவென்று கூறவில்லை. கண்ணாடி வெளித்தோற்றத்தைக் காட்டும். முழங்காலினுள் நிகழும் முறுக்கலைக் காட்டாது. மோஷே பெல்டன்கிரைஸ் (1904–1984) என்னும் பௌதிக அறிஞர், யூடோ வீரர், தம் முழங்காலிற் காயமுற்றபின் தம் அசைவுகளையே மெல்ல மெல்ல உற்றுநோக்கி ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். விரைந்து செய்யும்போது பழைய வழக்கமே வெல்லும், மெல்லச் செய்யும்போதே புதிய வழி புலப்படும் என்பது அம்முறையின் உட்கிடை. நம் அடவுகளை மூன்று காலத்திற் பயில்விக்கும் மரபிலே முதற்காலம் எதற்கு இருக்கின்றது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் யான் கேட்டதில்லை. மூன்றாங் காலத்துக்கு ஓட அவசரப்படும் ஆசிரியர் அதை எண்ணிப்பார்ப்பாராக.

உடலைப் பேணுதல் நாட்டிய மரபுக்குப் புறம்பானதென்று நினைப்பவர் பரதமுனிவரின் நாட்டிய சாத்திரத்தைப் புரட்டிப் பார்த்தல் தகும். சாரிகளைக் கூறுமிடத்தே ஆடுவோன் செய்யவேண்டிய உடற்பயிற்சியும் கூறப்படுகின்றது. எள்ளெண்ணெயேனும் வாற்கோதுமைக் கஞ்சியேனும் பூசி உடம்பைப் பிடித்துவிட்டபின் பயிலவேண்டும் என்றும், உணவு இன்னது என்றும் அங்கே விதியுண்டு. சௌஷ்டவம் என்று ஒரு நிலையும் சொல்லப்படுகின்றது. இடுப்பும் காதும் ஒரு நேரில் அமைய, முழங்கையும் தோளும் தலையும் ஒத்து நிற்க, மார்பு உயர்ந்திருப்பதாம். கூனலும் ஆகாது, விறைப்பும் ஆகாது. இன்று இயன்மருத்துவர் சுவரோரம் நிறுத்திக் காட்டும் நிலைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. கேரளத்துக் கதகளியில் மழைக்காலத்தே எண்ணெய் பூசிக் காலால் உழிந்துவிடும் உழிச்சில் இன்றளவும் பயிற்சியின் ஓர் உறுப்பு.

வெகுதூரம் போவானேன்? எங்கள் அயற்கிராமங்களிலே கண்டிய நடனம் பயிலும் சிங்களப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களுடைய அடிப்படை நிலைக்கு ‘மண்டிய’ என்றே பெயர். முழங்கால் வெளிநோக்கி மடிய, உடல் நிமிர, கைகள் தோளளவில் நிற்கும் அந்நிலை நம் அரைமண்டிக்கு உடன்பிறந்தது போலும். ஆனால் பாதங்கள் அகன்று நிற்கும். நம்மவர்போற் குதிக்கால்கள் நெருங்கி நிற்பதில்லை. பதினெட்டு வன்னங்களுக்குப் போகுமுன் ‘பா சரம்ப’ என்னும் காற்பயிற்சிகளை வரிசையாகச் செய்கின்றனர். சித்திரசேன (1921–2005) அவர்களின் கலையகத்திலே, அவர் துணைவியார் வஜிரா அம்மையார் அம்மரபின் அசைவுகளைக்கொண்டே மாணவருக்கு உடற்பயிற்சி ஒழுங்கொன்றை வகுத்தார். மரபைக் கெடுக்காமல் மரபுக்குள்ளிருந்தே உடற்பயிற்சியை எடுக்கலாம் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு. நம் பரத வகுப்புகளிற் சில, வந்ததும் வராததுமாகத் தட்டடவைத் தொடங்கிவிடுகின்றன. குளிர்காலையில் மலையிலிருந்து இறங்கிவந்த பிள்ளையின் தசை அப்போது இறுகியிருக்கும். மண்டபத்தைச் சுற்றி நடத்தல், தோளையும் கணுக்காலையும் சுழற்றுதல், சிறு அரைமண்டியில் இறங்கி எழுதல் எனப் பத்து நிமிடம் செலவிட்டாற் குடி முழுகிவிடாது. வெறுந்தேநீரோடு வந்த பிள்ளைக்கு முதலில் உணவு வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட இயலவில்லை.

தரையைப் பற்றியும் ஒரு சொல். சிலப்பதிகாரத்தின் அரங்கு எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். கோல் என்பது 24 விரல். அரங்கின் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். மாதவி ஆடியது பலகைமேல் என்பதைக் கவனிக்க. பலகை சிறிது வளையும். மிதியின் வேகத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். நம் பிள்ளைகள் ஆடுவது சீமெந்துத் தரையிலும் மாபிள் பதித்த தரையிலும். அது எதையும் வாங்காது. மிதித்ததைத் திருப்பிக் கொடுக்கும். ஒரு பாதத்தில் 26 என்பு. இரு பாதத்திலும் 52. முழு உடம்பின் 206 என்புகளுள் காற்பங்கு பாதத்திலேயே இருக்கின்றது. என்பு உயிருள்ள பொருள். சிறு சிறு சிதைவுகளை ஓய்வுக் காலத்திலே தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஓய்வின்றித் தட்டினால் சிதைவு செப்பத்தை முந்தும். கணைக்காலிலே மயிரிழைபோல் வெடிப்பும் தோன்றும். ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் துள்ளச் செய்யும் நோவு, இரவிலும் ஓயாத நோவு, மூட்டு வீக்கம் என்பவற்றைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும். மறுநாள் தொடையெங்கும் பரந்து நின்று இரண்டொரு நாளில் நீங்கும் தசைநோவு வேறு, அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பிள்ளைக்குக் கற்பித்தல் அலாரிப்புக் கற்பித்தலுக்கு முந்தியது என்பேன்.

பலகைத் தரை போட எங்கள் பாடசாலைக்குப் பொருள் இல்லை. அதனால் அடவின் வடிவத்தைக் கற்கும்போது ஓசையெழாது மெல்ல மிதித்து, வடிவம் வந்தபின்னரே தட்டிப் பயில்வது என்று ஆசிரியை ஒழுங்கு செய்தார். நல்ல நாளாயின் வெளியே மண்தரைக்குப் போய்விடுவர். தோட்டங்களில் மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடுவோர் தப்பொலிக்கு இரவிரவாக ஆடுவதும் மண்ணில்தானே. நாடோறும் மலையேறும் கால்கள் அவை. அவற்றுக்குப் பயிற்சி வாழ்க்கையே கொடுத்துவிட்டது. 2023-இல், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்துவந்தனர். முன்னோர் நடந்த வழி அது. அந்த வழிவந்தோரின் பேத்திகளுக்குக் காலின் அருமையை நாம் சொல்லித்தர வேண்டுமா என்று ஒருகால் எண்ணியதுண்டு. அந்தத் தாய் அன்று சொன்னதிலேயே அதற்கு விடை இருந்தது. அருமை அவர்களுக்குத் தெரியும். அமைப்பைத்தான் நாம் சொல்லவேண்டும்.

மறுபுறம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உடலறிவின் பெயரால் அரைமண்டியையே கைவிடலாம், நிமிர்ந்து நின்றே ஆடலாம் என்று சொல்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. அரைமண்டி இல்லையேற் பரதத்தின் வடிவழகு சிதையும். அபிநயதர்ப்பணம் ஆயதமண்டலம் என்று பெயரிட்டுப் போற்றிய நிலை அது. வேண்டுவது அதன் ஆழத்தை உடம்புக்கேற்ப அளந்து கொடுத்தல். பாட்டுக்காரருக்குச் சுருதியை அவரவர் குரலுக்கேற்ப வைக்கின்றோம். கட்டையை ஏற்றிப் பாடாதவர் பாடகரல்லர் என்று எவரும் சொல்வதில்லை. ஆடுவோர்க்கும் அவ்வளவு இரக்கம் காட்டலாம். புள்ளியிடும் நடுவர்களும் ஆழத்தை மட்டும் பாராது, முழங்கால் பாதத்தின் நேரே நிற்கின்றதா என்று பார்ப்பார்களாயின், வகுப்புகளில் மிதித்தழுத்தும் வழக்கம் தானே ஓயும். ஆட்ட மருத்துவத்துக்கென 1990-இலே உலகளாவிய சங்கம் ஒன்று தோன்றி இயங்கிவருகின்றது. மேனாட்டுப் பலே நடனத்தார் இவ்வழியில் வெகுதூரம் சென்றுவிட்டனர். நம் நடன ஆசிரியப் பயிற்சியில் இதற்கு ஒரு தனித் தாள் வைத்தால் என்ன?

அம்மாணவி சில வாரங்களுக்குப் பின் சிறிய அரைமண்டியோடு வரிசைக்குத் திரும்பினாள். நடுவிலன்று, ஓரத்தில். குதித்து ஆடும் பகுதிகளில் அவள் நின்று கைத்தொழில் மட்டும் செய்யும்படி ஆசிரியை அமைத்துக்கொடுத்தார். தாயார் வந்து பார்த்தார், மறுப்புச் சொல்லவில்லை.

கொப்பி இன்னும் வளர்கின்றது. கால் வெளிநோக்கித் திரும்புதலுக்கு ‘புறத்திருப்பம்’ என்று யான் எழுதிக்கொடுத்தேன். பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. ‘இடுப்புத் திறப்பு’ என்று தாமே ஒன்றை வைத்துக்கொண்டனர். ஆசிரியையும் அதையே ஆள்கின்றார். இனி முள்ளந்தண்டு. அதன் 33 என்புக்கும் பெயர் வேண்டும் என்கின்றார் அவர். கீழேயுள்ள ஒன்பதும் வளர்ந்தோர்க்கு இரண்டு கட்டியாக ஒட்டிக்கொள்வதால், அசையும் 24-க்கு மட்டும் பெயரிட்டாற் போதும் என்று யான் வாதாடிக்கொண்டிருக்கின்றேன்.